இலைக்கறை

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நான் இங்கே நன்றாக இருக்கிறேன். நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? உன் இருமல் நின்றதா, இல்லை இன்னும் அக்கம்பக்கத்தை எழுப்பிக்கொண்டிருக்கிறாயா?

தாளின் ஓரத்தில் மஞ்சளும் பச்சையுமாக ஒரு கறை இருக்கும். பயந்துவிடாதே, என் கட்டைவிரல்தான். நாளெல்லாம் தக்காளிச் செடியின் தண்டையும் இலையையும் தொட்டால் கையில் இப்படி ஏறிக்கொள்கிறது. சோப்புக்கு மசியாது. பச்சைத் தக்காளிக்காயைப் பிழிந்து தேய்த்தால் போகுமாம். ஏற்றுமதிக் காயை நான் பிழிந்தால் மேற்பார்வையாளர் அம்மா என்னைப் பிழிந்துவிடுவார். அதனால் கறையோடே எழுதுகிறேன்.

உனக்குப் பால்கனியில் ஆறு தொட்டி. இங்கே ஒரு பசுமைக்குடிலுக்குள் உன் தெரு, அடுத்த தெரு, பஸ் நிலையம் எல்லாம் அடங்கிவிடும். மண்ணே கிடையாது. பஞ்சு மாதிரி ஒரு கட்டியில் செடியை நட்டு, குழாயில் சொட்டுச் சொட்டாகச் சாப்பாடு போடுகிறார்கள். கூரைக் கம்பியிலிருந்து தொங்கும் கயிற்றில் செடியைச் சுற்றிவிட்டு, பக்கத்துளிர்களைக் கிள்ளி எறிந்துகொண்டே போக வேண்டும். நீ ஒரு துளிரைக் கிள்ள அரைநாள் யோசிப்பாய். இங்கே யோசித்தால் பின்னால் வருகிறவள் தள்ளுவண்டியை என் குதிகாலில் ஏற்றிவிடுவாள். இப்போது மூன்று வரிசை என் பொறுப்பு. "உன் கை நல்ல கைம்மா" என்று மேற்பார்வையாளர் அம்மா சொன்னார். நான் விட்டுவிட்டு வந்த அந்தப் புருஷன் வீட்டில் ஒருவர்கூட என் கையைப் பற்றி இப்படிச் சொன்னதில்லை.

பூவில் மகரந்தம் உதிர்ந்தால்தானே காய் பிடிக்கும்? அதற்குத் தேனீயை வேலைக்கு வைத்திருக்கிறார்கள். அட்டைப்பெட்டியில் வந்து இறங்கும். நாம் பார்த்த தேனீ இல்லை. உருண்டையாக, ரோமம் வைத்து, கோட்டுப் பொத்தான் அளவு இருக்கும். நாங்கள் 'குண்டு' என்று கூப்பிடுகிறோம். சாது. போன வாரம் ஒன்று மட்டும் என் முழங்கையில் கொட்டிவிட்டது. கொஞ்சம் வீங்கி வடிந்துவிட்டது. கொட்டுவதெல்லாம் பெண்தானாம். அத்தானிடம் சொல்லாதே, உன்னைப் பார்த்துச் சிரிப்பார்.

உடம்பைப் பார்த்துக்கொள். உடனே பதில் போடு.

உன்
வாலு


மார்ச் 14

என் வாலுக்கு,

இருமல் போய்விட்டது. அத்தான் சௌக்கியம், ஆனால் என்மேல் கோபமாக இருக்கிறார். காரணத்தைக் கேள். என் செடிகளில் பூவெல்லாம் காய் பிடிக்காமல் உதிர்ந்துகொண்டே இருந்தது. நீ எழுதிய தேனீயைப் படித்தேன். இந்த ஐந்தாம் மாடிக்குத் தேனீக்கு எங்கே போவது? அத்தானுடைய பாட்டரி ஷேவரை எடுத்துப் பூக்காம்பில் வைத்து 'உர்ர்' என்று ஓட்டினேன். மகரந்தம் பொடிப் பொடியாக உதிர்ந்தது. "என் மூஞ்சிக்கு வாங்குனதா, உன் பூவுக்கு வாங்குனதா?" என்று கத்தினார். இரண்டு பிஞ்சு பிடித்திருக்கிறது. கத்தினால் கத்தட்டும்.

ஒன்று கேட்கிறேன். கொஞ்சம் வீங்கியது என்றால் எவ்வளவு கொஞ்சம்? நீ சின்ன வயதில் கையை ஒடித்துக்கொண்டு வந்து "கொஞ்சம் வலிக்குது" என்று சொன்னவள். உங்கள் குடியிருப்பில் போன் இல்லாதது ஒருவகையில் நல்லதுதான். போனில் என்றால் சிரித்தே மழுப்பிவிடுவாய். எழுத்தில் பொய் சொல்ல உனக்கு வராது. அதனால் எழுது.

சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. உன் கறைக்கு ஒரு முத்தம் கொடுத்தேன், கசக்கிறது.

அக்கா


மார்ச் 29

அக்கா,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இதைப் படித்துவிட்டு அத்தானிடம்கூடச் சொல்லாதே.

முழங்கை, தோள்பட்டை வரைக்கும் வீங்கியது. அதோடு போகட்டும் என்றுதான் இருந்தேன். இந்தச் செவ்வாய்க்கிழமை மணிக்கட்டில் இன்னொன்று கொட்டியது. நான் கயிறு சுற்றும்போது அது கைக்கும் கயிற்றுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது, அதன் தப்பு இல்லை. முதலில் உள்ளங்கை அரித்தது. அப்புறம் உதடு தடித்து என் உதடு மாதிரியே இல்லை. தொண்டைக்குள் யாரோ கயிற்றை இறுக்கிய மாதிரி ஆகிவிட்டது. காலிப் பெட்டி அடுக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு பெட்டிமேல் நெற்றியை வைத்து உட்கார்ந்தேன். மூச்சு விடும்போது விசில் சத்தம் கேட்டது. அது நான்தான் என்று தெரிய நேரமாயிற்று. பிறகு தானாகவே தளர்ந்தது. முகம் கழுவிக்கொண்டு வரிசைக்குத் திரும்பிவிட்டேன். யாரும் பார்க்கவில்லை.

பயமாக இருக்கிறது அக்கா. குண்டு பக்கத்தில் ரீங்கரித்தால் கையிலிருக்கிற கயிற்றை விட்டுவிடுகிறேன். மருந்து அடிக்கும் நாளில் பெட்டி வாசலைத் திருப்பி வைத்துவிடுவார்கள், உள்ளே போன தேனீ வெளியே வர முடியாது. அந்த நாள் ஒன்றுதான் நான் நிம்மதியாக வேலை செய்கிறேன்.

சொல்லிவிடலாமே என்பாய். என் பக்கத்துக் கட்டிலில் ஒருத்தி இருந்தாள், சுருட்டை முடிக்காரி, சுருட்டை என்றே எல்லோரும் கூப்பிடுவோம். தேனீ கொட்டி அவளுக்குக் கண் மூடிக்கொண்டது. அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார்கள். மறுநாள் காலையில் அவள் கட்டில் காலி. தலையணை உறையைக்கூட உருவிவிட்டார்கள். வேலை போனால் கட்டிலும் போகும், இந்த நாட்டில் இருக்கிற அனுமதியும் போகும். பிறகு எங்கே? அந்த வீட்டுக்கா? உன் வீட்டில் அதிகப்படியாக இருப்பது ஒரே அறை, அதில் உன் தையல் மெஷின். நான் யார் வீட்டு மூலையிலும் இனிமேல் இருக்க மாட்டேன்.

என்மேல் சத்தியம், யாருக்கும் எழுதாதே.

வாலு


ஏப்ரல் 8

என் கண்ணே,

நாங்கள் நலம் என்று எழுதினால் பொய். உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. தைக்கும்போது ஊசி துணிக்குள் இறங்குவதைப் பார்த்தாலே மெஷினை நிறுத்திவிடுகிறேன்.

உன் பெயர் சொல்லாமல், தெரிந்தவருக்கு என்று மருந்துக்கடைக்காரரிடம் கேட்டேன். அவர் கையிலிருந்த மாத்திரைப் பட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டாவது தடவையே தொண்டைக்கு வந்துருச்சுன்னா, மூணாவது தடவைக்குக் காத்திருக்கக் கூடாதும்மா. மாத்திரை போதாது. தொடையில போட்டுக்கற ஊசி இருக்கு, டாக்டர் எழுதித் தருவாரு. அது எப்பவும் கூடவே இருக்கணும். பக்கத்துல ஒருத்தருக்காவது விஷயம் தெரிஞ்சிருக்கணும்." இதில் எனக்குப் புரிந்தது ஒன்றே ஒன்று. மூன்றாவது தடவை உன்னை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விடலாம்.

லீவு நாளில் வெளியே ஒரு டாக்டரைப் பார். ஊசியை வாங்கி மடியில் வைத்துக்கொள். உன் அறைத்தோழியிடம் மட்டுமாவது சொல். இந்த இரண்டையும் செய்துவிட்டேன் என்று எழுது.

இதோடு ஒரு பொட்டலம் வரும். பள்ளிச் சீருடை தைத்ததில் மிஞ்சிய நீலத் துணி, நல்ல அழுத்தமான நெசவு. கழுத்தில் சுற்றுவதற்கு இரண்டு மடிப்பாகத் தைத்திருக்கிறேன். எந்தக் கொடுக்கும் உள்ளே இறங்காது, என் விரலில் ஊசியால் குத்திப் பார்த்துவிட்டேன். தொண்டையை மறைத்துக்கொண்டு வேலை செய். வாசனை சோப்பில் துவைத்திருக்கிறேன், போடும்போது என் ஞாபகம் வரட்டும்.

சத்தியம் வாங்கிவிட்டாய், என்ன செய்ய! வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். நெஞ்சுதான் மூட மாட்டேன் என்கிறது.

அக்கா


ஏப்ரல் 22

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம், நீ கவலையில் இளைத்துவிடாதே. இளைத்தால் அத்தான் என்னைத்தான் திட்டுவார்.

பொட்டலம் வந்தது. எவ்வளவு அழகாக ஓரம் அடித்திருக்கிறாய்! தினமும் அதைக் கழுத்தில் சுற்றிக்கொண்டுதான் போகிறேன். அதற்குப் பிறகு ஒரு குண்டுகூடப் பக்கத்தில் வரவில்லை. அறையில் எல்லோரும் "எங்க வாங்குன?" என்று கேட்கிறார்கள், "எங்க அக்கா தச்சது" என்று மிதப்பாகச் சொல்கிறேன்.

வேலை அதிகம். முதல் அறுவடை தொடங்கிவிட்டது. லேசாகச் சிவப்புத் தட்டினதுமே பறித்துவிட வேண்டும், வழியில் பழுத்துக்கொள்ளுமாம். இங்கே யாரும் ருசி பார்ப்பதில்லை, நிறத்தைப் பார்க்கிறார்கள். உன் பிஞ்சு இரண்டும் என்ன ஆயிற்று?

இப்படிக்கு வேலையில் மூழ்கிய
வாலு


மே 3

என் வாலுக்கு,

நாங்கள் சுகம். பிஞ்சு பழமாகிவிட்டது! ஆளுக்கொன்றாகச் சாப்பிட்டோம். சூடாக, வெயில் வாசனையோடு இருந்தது. அத்தான் ஷேவரை மன்னித்துவிட்டார்.

இன்னொரு சந்தோஷம். இனிமேல் அந்த ஷேவரே வேண்டாம். உனக்குத் தைத்ததில் மிஞ்சிய நீலத் துணியைத் தொட்டிகளுக்கு வெயில் மறைப்பாகக் கட்டினேன். அன்றைக்கே எங்கிருந்தோ தேனீக்கள் வந்துவிட்டன. ஐந்தாம் மாடிக்கு! நம் வீட்டுத் தக்காளியின் பெருமை ஊரெல்லாம் பரவிவிட்டது போலிருக்கிறது.

உன் கடிதத்தை மறுபடி மறுபடி படித்தேன். கழுத்துத்துணி இருக்கிறது, அறுவடை இருக்கிறது. டாக்டர் இல்லை. ஊசி இல்லை. அறைத்தோழியிடம் சொன்னாயா என்பதும் இல்லை. நான் கேட்டது அந்த இரண்டைத்தான். மறந்துவிட்டாய் என்று நினைத்துக்கொள்ள ஆசைப்படுகிறேன்.

தலைக்கு எண்ணெய் வை, கண்ணுக்குக் குளிர்ச்சி.

அக்கா


மே 9

வாலு,

நலம் விசாரிக்க நேரமில்லை. அந்தக் கழுத்துத்துணியைக் கழற்றிவிடு. இந்தக் கடிதம் கையில் கிடைத்த இடத்திலேயே கழற்றிவிடு.

இன்று காலை பால்கனியில் உட்கார்ந்து கவனித்தேன். தேனீக்கள் பூவுக்கு வரவில்லை. துணிக்கு வருகின்றன. மஞ்சள் பூவைத் தாண்டிப் போய் நீலத்தில் உட்கார்ந்து, மோந்து, சுற்றிச் சுற்றி வருகின்றன. துணியைக் கழற்றி உள்ளே போட்டேன். கொஞ்ச நேரத்தில் ஒன்றுகூட இல்லை. மறுபடி கட்டினேன். மறுபடி வந்துவிட்டன.

அந்தத் துணியைத்தான் நான் உன் தொண்டையில் சுற்றி அனுப்பியிருக்கிறேன். அதுவும் வாசனை சோப்பில் துவைத்து! கழற்றி எரித்துவிடு. கழற்றினேன் என்று ஒரு வரி எழுதிப் போடு, வேறெதுவும் வேண்டாம்.

அக்கா


மே 26

வாலு,

தபால்காரர் வரும் நேரம் பார்த்துப் படியில் உட்கார்ந்திருக்கிறேன். அவர் என்னைப் பார்த்ததுமே தலையாட்டிவிட்டுப் போகிறார். ஏன் பதில் இல்லை?

நேற்று போன் பூத்துக்குப் போய் உன் கம்பெனி அலுவலகத்துக்குப் பேசினேன். கேட்கவே பயம், உன்னைக் காட்டிக்கொடுத்துவிடுவேனோ என்று. "அக்கா பேசறேன், அவ நல்லா இருக்காளா?" என்று மட்டும் கேட்டேன். யாரோ ஒரு ஆள், "லீவுல இருக்காங்க" என்றான். என்ன லீவு என்று கேட்பதற்குள் வைத்துவிட்டான். மறுபடி போட்டேன், யாரும் எடுக்கவில்லை.

நடுவில் கடல் இல்லாவிட்டால் நடந்தே வந்திருப்பேன். அத்தானிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சத்தியத்தை மீறியது மீறியதுதான். அவர் எழுந்து போய் அந்த நீலத் துணியைப் பால்கனியிலிருந்து கழற்றிக் குப்பையில் போட்டார்.

ஒரு எழுத்து போடு. உன் கறையை மட்டுமாவது அனுப்பு.

அக்கா


ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன், சத்தியமாக. உன் கடிதங்கள் சேர்ந்தாற்போல் கிடைத்தன. காய்ச்சலில் படுத்துவிட்டேன், ஊரெல்லாம் இருக்கிற காய்ச்சல்தான். அதனால்தான் லீவு, அதனால்தான் எழுதவில்லை.

முதலில் நீ அழுவதை நிறுத்து. உன் துணி என்னை ஒன்றும் செய்யவில்லை. நான் அதை ஒருநாள்கூடக் கட்டவே இல்லை. நீலம் கூடாது, வாசனை கூடாது என்பதுதான் இங்கே முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடம். நீ விரலில் ஊசி குத்திப் பார்த்துத் தைத்ததை எப்படி வேண்டாம் என்று எழுதுவேன்? கட்டிக்கொண்டிருக்கிறேன் என்று எழுதினேன். தலையணைக்குள் வைத்திருக்கிறேன். உன் சோப்பு வாசனை இன்னும் போகவில்லை.

ஒரு நல்ல செய்தி. என்னைப் பேக்கிங் கூடத்துக்கு மாற்றிவிட்டார்கள். பழத்தைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்குவது மட்டும்தான் வேலை. அங்கே செடியும் இல்லை, பூவும் இல்லை, குண்டும் இல்லை. இனிமேல் எதற்கும் பயப்பட வேண்டாம். டாக்டர், ஊசி எல்லாம் தேவையே இல்லை.

அத்தானுக்கு என் அன்பு. நீ நிம்மதியாகத் தூங்கு.

உன்
வாலு


ஜூன் 15

என் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைப் படித்துக் கதறினேன், சந்தோஷத்தில்தான். அத்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டுத் தாளை மடிக்கப் போனேன். மடிப்பில் உன் கட்டைவிரல் இருந்தது. மஞ்சளும் பச்சையுமாக.

பழத்தைத் தொட்டால் இந்தக் கறை வராது. நானும் ஆறு தொட்டி வைத்திருக்கிறேன். பழம் பறிக்கிற அன்றைக்குக் கை சுத்தமாக இருக்கும். தண்டைப் பிடித்து, இலையை ஒதுக்கி, துளிரைக் கிள்ளினால்தான் இப்படி ஏறும். கறையை நாக்கில் வைத்துப் பார்த்தேன், அதே கசப்பு. செடியே இல்லாத கூடத்தில் உன் விரலில் இது எப்படி வந்தது?

எழுத்தில் பொய் சொல்ல உனக்கு வராது என்று நம்பிக்கொண்டிருந்த முட்டாள் நான். துணியைக் கட்டினேன் என்றது பொய். பேக்கிங் கூடம் பொய். அப்படியென்றால் காய்ச்சல்? வரியெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறதே, ஒற்றைக் கண்ணால் பார்த்து எழுதினாயா? எனக்குக் கேட்கவே பயமாக இருக்கிறது. கேட்டால் நீ "கொஞ்சம்" என்பாய்.

அதனால் கேட்கப்போவதில்லை. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடும்போது கூடவே இன்னொன்றையும் போடுகிறேன், உன் மேற்பார்வையாளர் அம்மாவுக்கு. முழங்கை, மணிக்கட்டு, காலிப் பெட்டி அறை, எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். ஊருக்குத் திருப்பி அனுப்புவதானால் என் முகவரிக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். தையல் மெஷினைக் கூடத்துக்கு நகர்த்தியாயிற்று. அந்த அறை மூலை இல்லை, உன்னுடையது. பிடிக்காவிட்டால் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு இரு, சாப்பாட்டை வாசலில் வைக்கிறேன்.

நீ வாங்கிய சத்தியத்தை உடைத்துவிட்டேன். இந்த ஜென்மத்தில் என்னோடு பேச மாட்டாய் என்றாலும் சரி. உயிரோடு இருந்து என்னைத் திட்டு.

அக்கா


ஜூலை 8

நீ நலமா என்று கேட்க மாட்டேன். நீ செய்தது துரோகம்.

மூன்று வரிசையையும் என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். நான் கயிறு சுற்றிவிட்ட செடியை இப்போது வேறொருத்தி கிள்ளுகிறாள், காம்போடு பிய்க்கிறாள். அலுவலகத்தில் எல்லோர் முன்னாலும் உன் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு மேற்பார்வையாளர் அம்மா, "இத நீ ஏம்மா சொல்லல? செத்துத் தொலைஞ்சிருந்தா யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?" என்று கத்தினார். அப்புறம் அவரே உட்கார்ந்து அழுதார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. வெளியே போகச் சொல்வார்கள் என்று தலையணை உறையை நானே உருவிவைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

அனுப்பவில்லை. தோட்டத்தின் மறுகோடியில் இருக்கிற நாற்றுக்கூடத்துக்கு மாற்றினார்கள். அங்கே தனிக் குடியிருப்பு. உள்ளே போனேன். முதல் கட்டிலில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தது யார் தெரியுமா? சுருட்டை. "வா வா, நீயும் வீங்கிட்டியா?" என்கிறாள். அவளை யாரும் வேலையைவிட்டு எடுக்கவில்லை. தேனீ ஒத்துக்கொள்ளாதவர்களை இங்கே மாற்றுவதுதான் வழக்கமாம். காலிக் கட்டிலை மட்டும் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை யாரிடமும் கேட்காமல், நானே எல்லாவற்றையும் முடிவு செய்திருக்கிறேன்.

இனி நீ கேட்காததைச் சொல்கிறேன். காய்ச்சல் இல்லை. மே மாதம் ஒன்று கண் இமையில் கொட்டியது. இரண்டு வரிசைக்கு நடுவே, தள்ளுவண்டி ஓடுகிற தண்டவாளத்தின்மேல் விழுந்து கிடந்தேன். தொண்டை முழுதாக அடைத்துக்கொண்டது. அடுத்த வரிசையில் இரண்டு பேர் சிரித்துப் பேசிக்கொண்டு போனார்கள், செருப்பு தெரிந்தது. கையை நீட்டியிருந்தால் பார்த்திருப்பார்கள். கட்டில் போய்விடுமே என்று நான் நீட்டவில்லை அக்கா. இலைகளுக்கு நடுவே கண்ணாடிக் கூரை மட்டும் தெரிந்தது. நீ என் தபாலுக்குக் காத்திருப்பாய் என்பதுதான் ஞாபகம் வந்தது. எப்படியோ மூச்சு திரும்பிவிட்டது. வீங்கிய கண்ணை மறைக்கக் காய்ச்சல் என்று லீவு போட்டுப் போர்த்திப் படுத்துக்கொண்டேன். அன்று பயந்ததைவிட இப்போதுதான் அதிகம் பயப்படுகிறேன்.

கம்பெனி டாக்டர் ஊசி எழுதித் தந்தார். இடுப்புப் பையில் இருக்கிறது. எப்படிப் போடுவது என்று சுருட்டைக்கும் சொல்லிக்கொடுத்தாயிற்று.

உன்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. கொஞ்ச நாளைக்கு எழுத மாட்டேன். இங்கே மட்டும் மண் உண்டு, நாளெல்லாம் குழிகுழியான தட்டுகளில் அதை நிரப்பி விதை ஊன்றுகிறேன். எல்லாம் இரண்டே இலை விட்ட நாற்று, பூக்கிற வயசுக்கு முன்னாலேயே வண்டியேறிப் போய்விடும். விரலில் கறை போடக்கூட அதற்குத் தெம்பு இல்லை.

நம்ப மாட்டாய். உன்னை எனக்குத் தெரியாதா? அதனால் கீழே கட்டைவிரலை நன்றாக அழுத்தி வைத்திருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார். நாக்கில் வேண்டுமானாலும் வைத்துப் பார். வெறும் மண்தான்.